நாக்கை நீட்டி அளந்த பொந்து

மலைக்காட்டின் ஓரம், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், செங்கோடன் என்கிற எறும்புத்தின்னியும் அவன் மனைவி பாவாயியும் ஒரு வளையில் குடியிருந்தார்கள். தலை முதல் வால் நுனி வரை இருவர் உடம்பிலும் ஓடு ஓடாகச் செதில். நரியோ சிறுத்தையோ வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வார்கள். பயம் தீரும் வரை அவிழ மாட்டார்கள். அது அவர்கள் குலத்து வழக்கம்.

வளை மிகக் குறுகல். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவரும் திரும்பியாக வேண்டும். பதினாறு மழைக்காலம் அப்படியே போயிற்று.

அந்த ஆற்றில் ஒரு நீர்நாய் படகு விட்டுக்கொண்டிருந்தது. வேரோடு சாய்ந்த பெரிய மருத மரம்தான் படகு. நான்கு நீர்நாய்கள் வாலால் துடுப்புப் போடும். மரத்தின் பொந்துகளில் பயணிகள் தங்குவார்கள். புதுவெள்ளம் வந்ததும் புறப்பட்டு, ஐந்தாம் நாள் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்விடும்.

"கடலை ஒரு தடவை பார்த்துடணுமுங்க" என்று பாவாயி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் செங்கோடன் அவளை அழைத்துக்கொண்டு கரைக்கு வந்தான்.

இரண்டு பொந்துகள் காலியாக இருந்தன. ஒன்று சின்னது. மற்றது நடுமரத்தில், அகன்ற வாசலோடு பெரியதாக இருந்தது.

"சின்னப் பொந்துக்கு ஒரு நாள் மண் தோண்டிக் கொடு. பெரியதுக்குப் பத்து நாள்!" என்றது நீர்நாய். கரையில் தன் குட்டிகளுக்கு வளை தோண்ட அதற்கு ஆள் தேவைப்பட்டது.

செங்கோடன் சின்னப் பொந்துக்குள் போய் நீட்டிப் படுத்தான். வால் ஒரு பக்கம் இடித்தது. நாக்கையும் முழுசாக வெளியே நீட்டிப் பார்த்தான். நுனி சுவரில் முட்டியது.

"பாரு! நாக்கை நீட்டக்கூட இடமில்லை!"

"படகுல போய் யாருங்க நாக்கை நீட்டிப் படுப்பாங்க?" என்றாள் பாவாயி. "நாம தூங்கறது பூசணிக்காய் மாதிரி. பூசணிக்காய்க்கு எதுக்குங்க முற்றம்?"

"பதினாறு மழை இடிச்சுக்கிட்டே படுத்தாச்சு, புள்ளே. ஒரு தடவையாவது நீ கை காலை நீட்டிப் படுக்கணும்."

அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை.

செங்கோடன் பத்து நாள் தோண்டினான். கரை முழுக்கக் கூழாங்கல். பத்தாம் நாள் அவன் நகங்கள் மழுங்கிக் கட்டையாகிவிட்டன.

"போகப்போக வளர்ந்துடும்" என்று சொல்லிக்கொண்டான்.

புறப்படும் நாளில், பழம் நிறைந்த மூட்டையோடு ஒரு பெருச்சாளி வந்தது. ஊர் வம்பு முழுக்க அதன் வாயில் இருக்கும். சின்னப் பொந்து அதற்குக் கிடைத்தது. பெரிய பொந்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன செங்கோடா! உள்ளே கல்யாணம் ஏதாவது நடத்தப் போறியா? சொல்லு, பந்திக்கு வந்துடறேன்!" என்றது.

"உனக்கு மூட்டையே பொண்டாட்டி. உனக்கு அந்த இடம் போதும், போ!" என்றான் செங்கோடன்.

முதல் இரண்டு நாள் ஆறு அமைதியாக ஓடியது. பாவாயி ஒரு கோடியில் படுத்தாள். செங்கோடன் மறுகோடியில் படுத்தான். கையை நீட்டினார்கள், காலை நீட்டினார்கள். ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை.

"தூங்கிட்டீங்களா?"

"இல்லை. நீ?"

"இல்லீங்க. முதுகுப் பக்கம் ஏதோ குளிருது."

"புது இடம். பழகிடும்" என்றான் செங்கோடன். அவனுக்கும் முதுகு குளிர்ந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் உச்சிவெயில். இருவரும் கண் அசந்த நேரம்.

"பாறை வருது! எல்லாரும் பிடிச்சுக்குங்க!" என்று நீர்நாய் கத்தியது.

பயந்த எறும்புத்தின்னிகளுக்குப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. இருவரும் சட்டென்று பந்தாகச் சுருண்டார்கள்.

வளையில் சுருண்டால் சுவர் அணைத்துப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பொந்தில் சுவர் எங்கேயோ இருந்தது. மரம் இடப்பக்கம் சாய்ந்தது. இரண்டு பந்தும் இடப்பக்கம் உருண்டு டொம்மென்று மோதின. மரம் வலப்பக்கம் சாய்ந்தது. இரண்டும் வலப்பக்கம் உருண்டன. அந்தப் பக்கத்தில்தான் வாசல் இருந்தது.

செங்கோடன் செதில் இடுக்கு வழியாகப் பார்த்தான். பாவாயி வாசல் விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றாள். வெளியே வெள்ளம் நுரைத்துக்கொண்டு ஓடியது. இன்னொரு சாய்வு வந்தால் அவள் ஆற்றுக்குள்தான். சுருண்டவள் நீந்த மாட்டாள். கல்லைப் போல அடியில் போய்விடுவாள்.

"பாவாயி! அவிழ்ந்துடு! நகத்தைப் போட்டுப் பிடி!"

அவளுக்குக் கேட்கவில்லை. காதை வால் மூடியிருந்தது.

செங்கோடனுக்கும் பயம் தீரவில்லை. பயம் இருக்கும்போது அவிழ்ந்த எறும்புத்தின்னி அவன் குலத்தில் கிடையாது. ஆனாலும் அவிழ்ந்தான். நான்கு காலையும் ஊன்றி ஓடினான். மழுங்கிய நகம் மரத்தில் பதியவில்லை, வழுக்கியது. வயிற்றாலேயே சறுக்கிக்கொண்டு போனான். வாசலின் ஒரு பக்கம் துருத்தியிருந்த முண்டில் வாலைச் சுற்றினான். மறுபக்கம் மோவாயைக் கொடுத்து, வாசலுக்குக் குறுக்கே விழுந்தான்.

மரம் மறுபடி சாய்ந்தது. பாவாயி உருண்டு வந்து அவன் வயிற்றில் மோதினாள். வயிற்றில் செதில் கிடையாது. அவள் செதில் கத்திபோலக் கீறியது. இன்னொரு சாய்வு. இன்னொரு மோதல். மூன்றாவதும் வந்தது. அவன் வாலை விடவில்லை.

ஒருவழியாக மரம் அமைதியான தண்ணீருக்கு வந்து சேர்ந்தது. பாவாயி மெல்ல அவிழ்ந்தாள்.

"ஏனுங்க! வாசல்ல எதுக்குக் குறுக்கே படுத்திருக்கீங்க?"

"காத்து வாங்கறேன்" என்றான் செங்கோடன்.

அவள் அவன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு நகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. வெளியே போய்ச் சின்னப் பொந்தின் வாசலில் நின்றாள்.

"பெருச்சாளி அண்ணே! பெரிய பொந்துக்கு மாறிக்கிறீங்களா?"

"எனக்கா? சும்மாவா?" பெருச்சாளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்தது.

"அங்கே ஆள் உருளும். பார்த்து இரு" என்றான் செங்கோடன்.

"எனக்குப் பல் இருக்கப்பா! வாசல் முண்டைக் கடிச்சுக்கிட்டுத் தூங்குவேன்!"

செங்கோடன் சின்னப் பொந்துக்குள் நுழைந்தான். பாவாயி சுருண்டாள். தாய் எறும்புத்தின்னி குட்டியைப் பொதிந்துகொள்வது போல, அவன் அவளைச் சுற்றிச் சுருண்டான். பொந்து நிறைந்தது. ஓர் எறும்பு நுழையவும் இடமில்லை.

நான்காம் நாள் அதைவிடப் பெரிய பாறைகள் வந்தன. மரம் ஆடியது, குதித்தது. பெரிய பொந்திலிருந்து பழங்கள் ஒவ்வொன்றாக ஆற்றில் விழுந்தன. பெருச்சாளி முண்டைக் கடித்தபடியே திட்டியது. வாயில் முண்டு இருந்ததால் ஒரு சொல்லும் புரியவில்லை. சின்னப் பொந்துக்குள் ஒரு செதிலும் அசையவில்லை.

"உங்க முழங்கை குத்துதுங்க" என்றாள் பாவாயி, அரைத் தூக்கத்தில்.

"குத்தட்டும், தூங்கு" என்றான் அவன்.

ஐந்தாம் நாள் கடல் வந்தது. பாவாயி கரையில் உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

"எவ்வளவு பெரிசு!" என்றாள். "நமக்கு இதுல வேலை இல்லை. பார்த்தாச்சு, போலாமுங்க."

ஊருக்குத் திரும்ப, கரையோரமாக இழுத்துப் போக நீர்நாய்கள் ஒரு மூங்கில் தெப்பம் வைத்திருந்தன. அதில் ஓலையால் அறைகள் தடுக்கப்பட்டிருந்தன. "எந்த அறை வேணும்?" என்று கேட்டது நீர்நாய்.

செங்கோடன் ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே போனான். இந்தத் தடவை அவன் நீட்டிப் படுக்கவில்லை, நாக்கையும் நீட்டவில்லை. பாவாயியைக் கூப்பிட்டு நடுவில் சுருளச் சொன்னான். அவளைச் சுற்றித் தானும் சுருண்டு பார்த்தான். நான்கு பக்கமும் எந்த அறை முதுகைத் தொட்டதோ, அதை எடுத்துக்கொண்டான்.

இருவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை, சுகமாக நீட்டிப் படுத்திருக்கும் நேரத்தை வைத்து அளக்காமல், பயந்து சுருண்டிருக்கும் நேரத்தை வைத்து அளக்க வேண்டும்.