மௌன வேளையில் ஒரு கம்ப்யூட்டர்

முதலில் அந்த உறுமல்தான் கேட்கும். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசலில் செருப்பை விடும்போதே, உள்ளே கிரைண்டர் ஓடுகிறது, சாயங்காலம் தோசை இருக்கும் போல என்று முகம் மலர்வார்கள். உள்ளே வந்து பார்த்தால் மாவுமில்லை, கிரைண்டருமில்லை. அலுவலக அறையில் ஒரு கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அதன் எதிரே தில்லைவிடங்கன் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

விடங்கனுக்கு ஐம்பத்தேழு வயது. சர்க்கரை ஆலையில் மேலாளராக இருந்தவர். மனைவி இறந்துபோன பிறகு வேலையை உதறிவிட்டு அமைதியைத் தேடிக் கிளம்பினார். இது அவருக்கு மூன்றாவது மடம். முதல் மடத்தில் கொசு அதிகம். இரண்டாவதில் பேச்சு அதிகம். இந்த மடத்தின் தலைவியை எல்லாரும் அம்மை என்பார்கள். விடங்கனைவிட ரொம்ப இளையவர், ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசமாட்டார். அது விடங்கனுக்குப் பிடித்திருந்தது.

மடத்தில் அலுவலக வேலையை அவரிடம் கொடுத்தார்கள். பௌர்ணமி பூஜைக்கு வருகிறவர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், தங்க இடம் ஒதுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பழசுதான், ஆனால் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது. விடங்கனுக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே அதில் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினார்.

அன்றோடு அது படுத்துவிட்டது. ஒரு தட்டு தட்டிவிட்டுக் குளத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால், பாதித் திரை வந்திருக்கும்.

சென்னையில் ஒரு பக்தரின் மகள் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். விடங்கன் அவளிடம் போனில் கேட்டார். புது சிஸ்டம் உள்ளே இருக்கிற பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருக்கும் சார், இரண்டு மூன்று நாள் அணைக்காமல் அதன் போக்கில் விட்டுவிடுங்கள் என்றாள். விடங்கன் விட்டார். வாரங்கள் ஓடின. உறுமல் குறையவில்லை.

வந்துபோன பக்தர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் குப்பையைக் கூட்டித்தள்ளும் புரோகிராம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் அதையே குப்பை என்று சொல்லி வேறொன்றைப் போட்டார். இரண்டும் உள்ளே ஒன்றையொன்று கூட்டித்தள்ளப் பார்த்தன. சமையல் பார்க்கும் செண்பகவல்லி எல்லாவற்றுக்கும் கண்ணேறுதான் காரணம் என்று முடிவுகட்டி, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிக் கம்ப்யூட்டரின் இரண்டு பக்கமும் வைத்தாள். பழம் காய்ந்தது. அவள் அதோடு விடவில்லை. சோறு போடும்போதெல்லாம், "என்ன சார், அது எழுந்திரிச்சிடுச்சா, நான் உலையை இறக்கவா?" என்று கேட்டுக்கொண்டே போட்டாள்.

விடங்கன் ஆலையில் முந்நூறு பேரை மேய்த்தவர். சோறு இறங்கவில்லை.

அந்த மடத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு நாளில் நான்கு வேளை மௌனம். முதல் மணி அடித்ததும் சத்தம் போடுகிற எதுவும் ஓடக்கூடாது. மோட்டார், மிக்ஸி, மின்விசிறி எல்லாம் நிற்க வேண்டும். இரண்டாம் மணிக்கு எல்லாரும் கால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொரு சுவிட்சாகத் தேடிப்பிடித்து அணைப்பதைப் பார்த்து, விடங்கன் வந்த வாரமே அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். முதல் மணி அடித்ததும் நேரே போய் மெயினையே இறக்கிவிடுவார். மடம் ஒரே இழுப்பில் அடங்கும். இதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை.

பௌர்ணமி நெருங்கிய ஒரு சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அம்மையிடம் வந்தார். அம்மை கூடத்து வாசலில் உட்கார்ந்து முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவதாக விடங்கன் சொன்னார். கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேன், சரிசெய்யத் தெரியவில்லை, இனி இங்கே நான் இருந்து என்ன பிரயோஜனம் என்றார். அம்மை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். விடங்கன் போகவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு அம்மை."

"சொல்லுங்க."

"முன்னெல்லாம் ஒரு விஷயம்னா சட்டுனு முடிவெடுப்பேன். இங்க வந்த பிறகு மந்தமாயிட்டேன். கண்ணை மூடினா, எப்பவோ செத்துப்போன பெரியப்பால்லாம் வர்றார். ஆலையில திட்டினவன், திட்டு வாங்கினவன், எல்லாரும் வரிசையா வர்றாங்க. அவளும் வர்றா. அமைதிக்குத்தானே வந்தேன்? இந்த மடமும் எனக்கு ஒத்துவரலை போல."

அம்மை ஒரு மொச்சையைப் பிதுக்கி முறத்தில் போட்டார். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கே. கால் கழுவிட்டு வந்து, அஞ்சு நிமிஷம் இப்படி உக்காருங்க."

கடைசி மரியாதைதானே என்று விடங்கன் குழாயடிக்குப் போய்க் கால் கழுவி வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

தோளில் ஒரு தட்டு.

"வந்துடுச்சா?"

"எது?"

"அமைதி."

"இல்லையே."

"அப்ப எழுந்து போய்க் கால் கழுவிட்டு வாங்க."

போனார், வந்தார், உட்கார்ந்தார். பெரியப்பா மறுபடியும் வாசற்படியிலிருந்து ஆரம்பித்தார். தோளில் தட்டு. அதே கேள்வி, அதே பதில். மறுபடியும் குழாயடி. வேட்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது. செண்பகவல்லி அடுப்படி ஜன்னலில் கரண்டியோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

அடுத்த தட்டு விழுந்தபோது விடங்கனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உக்கார விட்டாத்தானே வரும்? ஒவ்வொரு தடவையும் எழுப்பி விட்டா முதல்லேர்ந்துதானே ஆரம்பிக்கும்?"

அம்மை மொச்சையில் கண்ணாயிருந்தார்.

அப்போது முதல் மணி அடித்தது.

விடங்கனின் கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து நடந்தன. சுவர்ப் பெட்டியைத் திறந்தார். மெயினில் கை வைத்தார். எதிர் அறையில் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கை அங்கேயே நின்றது. தான் சற்றுமுன் கத்தியது யாரோ பக்கத்தில் நின்று சொன்னதுபோல அவருக்குக் கேட்டது.

அந்தப் பெண் அணைக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருந்தாள். அவரும் அணைக்கவேயில்லை. மௌனத்துக்காக நாளுக்கு நான்கு தடவை மெயினை இறக்குவதை அணைப்பதாக அவர் நினைத்ததே இல்லை. அது விரதம் மாதிரி. விரதத்தைப் போய் யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

மெயினை விட்டுவிட்டு, மோட்டாரையும் விசிறிகளையும் ஒவ்வொன்றாகப் போய் நிறுத்தினார். அதற்கு நெடுநேரம் பிடித்தது. திரும்பி வரும்போது ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த பையனின் முகம் இருந்தது அவருக்கு.

"அம்மை, கம்ப்யூட்டரை இன்னிக்கு அணைக்கலை. மௌனத்துல சத்தம் போடும்."

"போடட்டும்."

"கண்டிப்புன்னு ஒண்ணு இருக்கே."

"கண்டிப்பு யாரையும் உக்காரக் கூடாதுன்னு சொல்லலை. அதுவும் உக்காரட்டும்."

விடங்கன் நின்றார். பையின் வாரைப் பிடித்தார், விட்டார். கேட்க வெட்கமாக இருந்தது. இரண்டாம் மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்ததால் கேட்டுவிட்டார்.

"அதுக்கு ரெண்டு மூணு நாள் போதும்னு அந்தப் பொண்ணு சொன்னா. எனக்கு எவ்வளவு நாளாகும் அம்மை?"

அம்மை நிமிர்ந்து பார்த்தார். முறத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்தினார்.

"எனக்கு எப்படித் தெரியும்? என்னோடதே இன்னும் உறுமிக்கிட்டுத்தான் கிடக்கு."

இரண்டாம் மணி அடித்தது. மொச்சை உரிப்பதில் சத்தம் இல்லை என்பதால் மௌன வேளையிலும் அதற்குத் தடை கிடையாது. விடங்கன் உட்கார்ந்து, ஒரு கை மொச்சையை அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தார்.