வெள்ளைச் சால்வையும் புகைபோக்கியும்

கோத்தகிரியில் மழையே இல்லாத தை மாதக் குளிர். புகைபோக்கி சுத்தம் செய்யும் போஜனிடம் பங்களா முதலாளி தயாளன், புகைபோக்கி சுத்தமாக இருக்கிறது என்ற சான்றிதழை நீட்டினார்.

"உள்ளே பளிச்சுன்னு இருக்கு. பார்க்காமலே கையெழுத்துப் போடு. இல்லேன்னா இந்த ஊர்ல உனக்கு வேலையே கிடைக்காது."

குழந்தைகளோடு தங்க வந்த குடும்பம் குளிரில் காத்து நின்றது. உள்ளே கரி மண்டியிருந்தால், அறையின் கணப்பில் நெருப்பு மூட்டியதும் அது பற்றிக்கொண்டு தீ கூரைக்கே தாவும் என்பது போஜனுக்குத் தெரியும்.

"போடறேங்க ஐயா. நீங்க போர்த்தியிருக்கிற வெள்ளைச் சால்வையைக் கொடுங்க. கயித்துல கட்டி, மேலேயிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்துட்டு உடனே போட்டுடறேன்."

தயாளனின் இரண்டு கைகளும் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. தங்க வந்த குடும்பத்து அம்மாள் சிரித்துவிட்டாள்.

"சரி, சரி, பிரஷ்ஷை எடு" என்று முணுமுணுத்தார் தயாளன்.

மூன்று சாக்குக் கரி இறங்கிய பிறகுதான் போஜன் கையெழுத்துப் போட்டார். கணப்பையும் அவரே மூட்டிவிட்டுப் போனார்.