மாடு யாருடையது?

வேதநாயகத்துக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

குரு என்று அவராகத்தான் சொல்லிக்கொண்டார். தாஹிரா அதை ஒப்புக்கொண்டதே இல்லை. ஈரோட்டில் பதினோரு பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் கம்பெனி ஒன்றில் தாஹிரா பிசினஸ் அனலிஸ்ட். மென்பொருள் வேண்டும் என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து, அவர்களுக்கு என்னென்ன தேவை என்று கேட்டு எழுதி, புரோகிராம் எழுதுகிறவர்கள் கையில் கொடுக்கும் வேலை. வேதநாயகம் இருபத்திரண்டு வருஷம் சென்னையில் வங்கி மென்பொருள்களில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். அங்கே ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தார். மனைவியின் ஊருக்குக் குடிபெயர்ந்து, இந்த வேலையை அ, ஆவிலிருந்து கற்றுக்கொள்ளத் தாஹிராவிடம் சேர்ந்திருந்தார்.

"இனிமே நீங்க குரு, நான் சிஷ்யன், மேடம்" என்றார் முதல் நாளே.

"சிஷ்யன்னா டீ வாங்கிட்டு வரணுமே, சார்."

தமாஷுக்குத்தான் சொன்னார் தாஹிரா. வேதநாயகம் எழுந்துபோய் இரண்டு டீயோடு வந்து நின்றார். அதோடு அந்த உறவு உறுதியாகிவிட்டது.

ஏழாம் மாதம் அவருக்கென்று தனியாக ஒரு வேலை கொடுத்தார்கள். பவானி ஆற்றங்கரையில் ஓர் ஊர், சின்னக்கரைப்பாளையம். அங்கே ஒரு பால் சங்கம். மாடுகளுக்கு எப்போது தடுப்பூசி என்று உறுப்பினர்களின் செல்போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு மென்பொருள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

வேதநாயகம் ஒன்பது வாரம் மாடாக உழைத்தார். தலைவரைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், கால்நடை டாக்டரைப் பார்த்தார். மூன்று முறை உறுப்பினர் கூட்டம் கூட்டி, சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். மொத்தம் இருநூற்றுப் பதினேழு தேவைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செயலாளரின் கையெழுத்து.

மென்பொருள் தயாரானது. தேடினாலும் ஒரு பிழை கிடையாது. முதல் முகாமுக்கு முந்தின நாள் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நொடியில் செய்தி போய்ச் சேர்ந்தது.

முகாமுக்கு வந்த மாடுகள் முப்பத்தொன்று.

செயலாளர் மாரப்பன் போன் போட்டார். போன் இல்லாமலே ஈரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

"ஆத்துக்கு அக்கரையில கோமாரி வந்திருச்சுங்க சார்! அஞ்சு நாளைக்குள்ள அத்தனை மாட்டுக்கும் ஊசி போட்டாகோணும். டாக்டர் ஐஸ் பெட்டிய வெச்சுட்டு ஈ ஓட்டிட்டு இருக்காரு. ஆட்டோவுல மைக் கட்டி உட்டிருந்தாக்கூட இதைவிட நெறைய வந்திருக்கும். ஒரு மெசேஜ் பத்தாது, மூணு அனுப்போணும். போன்ல அலாரம் அடிக்கோணும். படிக்காதவியளுக்குக் குரலாவே போகோணும். இல்லீன்னா உங்க சாஃப்ட்வேரை நீங்களே வெச்சுக்குங்க."

வேதநாயகம் மூன்றையும் பணிவாக எழுதிக்கொண்டார். இருநூற்றுப் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எழுதிய தாளோடு தாஹிராவின் மேசைக்குப் போனார். அவருக்கு முகமே விழுந்துபோயிருந்தது.

"நான் எங்கே தப்பு பண்ணினேன், மேடம்?"

தாஹிரா கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை அவரிடம் நீட்டிவிட்டுத் தாளைப் படித்தார்.

"இந்த மூணும் யார் சொன்னது?"

"செயலாளர்."

"அவர்கிட்ட மாடு இருக்கா?"

வேதநாயகம் யோசித்தார். அவருடைய போன் நம்பர் தெரியும், பதவிக்காலம் தெரியும், கையெழுத்துகூடத் தெரியும்.

"அது தெரியலையே, மேடம்."

"சரி. காலையில ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. பழைய செருப்பாப் போட்டுட்டு வாங்க."

மறுநாள் அவர்கள் போய் இறங்கியபோது சங்கத்தில் பால் ஊற்ற வரிசை நின்றிருந்தது. கேனும் தூக்குமாகப் பெண்கள் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேதநாயகம் "கொஞ்சம் வழி விடுங்கம்மா, கொஞ்சம் வழி" என்று அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். வாசலில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த டாக்டர் அவரைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார்.

செய்தி போயும் வராதவர்களின் பட்டியலை வாங்கினார் தாஹிரா. முதல் பெயர் செங்கோடன்.

"இவர் வீடு எங்கே இருக்கு?"

அடுத்த தெருவிலேயே இருந்தது. செங்கோடன் பவானியில் ஜமக்காளத் தறிக்குப் போகிறவர். வேலைக்குக் கிளம்பும் முன் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேதநாயகத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ, வாங்கோ. கூட்டத்துல பேசுன சாருங்களாட்டம் இருக்குது?" என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.

தாஹிரா உட்காரவில்லை. கொட்டகையில் ஒரு சிவப்புக் கலப்பின மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணா, மாடு யாருது?"

"என்னுதுதானுங்க. சங்கத்து நோட்டைப் பாருங்க, என்ற பேருதான் இருக்கும்."

வேதநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சரியாத்தான் எழுதியிருக்கேன், மேடம்" என்று காதோரமாகச் சொன்னார். "அறுபத்திரெண்டாவது தேவை. உரிமையாளர் பெயர், உரிமையாளர் செல்போன் எண்."

"மெசேஜ் வந்துச்சாங்க, அண்ணா?"

"வந்துச்சே! தறியில உக்காந்துட்டே படிச்சனுங்க. ஊட்டுக்குப் போனதும் சொல்லோணும்னுதான் நெனச்சேன். வந்து சோறு உண்டதும் மறந்துபோட்டேன்."

அந்தச் 'சொல்லோணும்' வேதநாயகத்தின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறியது. அவர் அறுபத்திரெண்டாவது தேவையின் ஓரத்தில் சரி என்று குறித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சங்கத்து வாசல்லதான் இருக்கார். மாட்டைப் பிடிச்சுட்டு வந்துடறீங்களா?" என்றார் தாஹிரா.

"அதுக்கென்னங்க!"

செங்கோடன் கயிற்றை அவிழ்த்தார். மாடு அவரை ஏற இறங்கப் பார்த்தது. இழுத்தார். அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. தட்டிக் கொடுத்தார், கொஞ்சினார், அதட்டினார். தவிட்டை அள்ளிக் காட்டினார். தவிட்டைத் தின்றுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

"சார், பின்னால இருந்து கொஞ்சம் தள்ளுங்க" என்றார் மூச்சு வாங்க.

இருபத்திரண்டு வருஷம் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த வேதநாயகம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினார். மாடு வாலைச் சுழற்றி ஒரு வீசு வீசியது. சாணி அவர் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை கோடு போட்டது.

எதிர்வீட்டில் ஆள் கூடிவிட்டது. "செங்கோடா, நீ மாட்டை ஓட்டுறயா, மாடு உன்னைய ஓட்டுதா?" என்று ஒரு குரல் கேட்டது. செங்கோடனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு அவர் மனைவி பாவாயி வந்தார். நடந்ததை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தபடி கேனைக் கீழே வைத்தார். கயிற்றைத் தொடக்கூட இல்லை.

"ராசாத்தி, வா சாமி."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மாடு பின்னாலேயே போனது. அதன் பின்னால் தாஹிராவும், சாணிச் சட்டையோடு வேதநாயகமும், கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு செங்கோடனும் போனார்கள்.

பாவாயி கழுத்தைத் தடவிக் கொடுக்க, டாக்டர் ஊசி போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நேத்தே வந்திருக்கலாமேம்மா?" என்றார் வேதநாயகம்.

"நேத்து ஊசின்னு எனக்கு ஆருங்க சொன்னா?"

"வீட்டுக்காரர் போனுக்கு மெசேஜ் வந்துச்சே."

"அந்தப் போனா மாட்டுக்குப் புல்லு அறுக்குது?"

"மூணு தடவை கூட்டம் போட்டோமேம்மா. நீங்க ஒரு தடவைகூட வரலையே."

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"மத்தியானம் மூணு மணிக்கு."

"மூணு மணிக்குப் பால் பீச்சறதா, உங்க கூட்டத்துக்கு வர்றதா?"

வேதநாயகம் திரும்பிப் பால் வரிசையைப் பார்த்தார். காலையில் வழி விடச் சொன்ன பெண்கள் இன்னும் பத்துப் பதினைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு முகத்தைக்கூட அவர் கூட்டத்தில் பார்த்ததில்லை.

நோட்டைத் திறந்து வேகமாக எழுதினார். 'இருநூற்று இருபத்தொன்று: உரிமையாளரின் மனைவியுடைய செல்போன் எண்.' அடிக்கோடு போட்டுத் தாஹிராவிடம் காட்டினார்.

"அடுத்த வீட்டுக்குப் போலாமா, சார்?" என்றார் தாஹிரா.

அடுத்த வீட்டில் மனைவி ஈரோட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவன் மயில்சாமிதான் மூன்று மாட்டையும் பார்த்துக்கொள்கிறவர். அவர் சைக்கிள் மணியைக் கேட்டாலே மூன்றும் எழுந்து நின்றன. வேதநாயகம் எழுதியதை அடித்தார். மூன்றாம் வீட்டில் காலேஜுக்குப் போகும் மகள் சொன்னால்தான் மாடு கேட்கும். மறுபடி எழுதி மறுபடி அடித்தார். நான்காம் வீட்டில் இருந்த நல்லம்மாளுக்குப் போனே கிடையாது. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிர்வீட்டு மருமகளைக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஏழு வீடு முடிந்தபோது அந்தப் பக்கம் முழுக்க அடித்தலாக இருந்தது. வேதநாயகம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து சட்டையில் காய்ந்திருந்த சாணியைச் சுரண்டினார். திடீரென்று சிரித்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலை, மேடம்."

"இருங்க சார், நான் போய் டீ வாங்கிட்டு வர்றேன்" என்று தாஹிரா எழுந்து போனார்.

புல் கட்டோடு பாவாயி அந்த வழியாக வந்தார். வேதநாயகம் எழுந்து நின்றார். இந்த முறை நோட்டைத் திறக்கவில்லை.

"ஏம்மா, ஒரு யோசனை சொல்லுங்களேன். மாடு யாருதுன்னு கேட்டா ஒரு பேரைச் சொல்றாங்க. அந்தப் பேருக்குச் சொன்னா மாடு வர மாட்டேங்குது. நீங்களா இருந்தா வேற எப்படிக் கேப்பீங்க?"

பாவாயிக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"ஆரு கூப்பிட்டா மாடு வருமின்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்து போனார்.

டீயோடு வந்த தாஹிராவிடம் வேதநாயகம் அதை அப்படியே சொன்னார். தாஹிரா கண்ணை மூடி ஒரு வாய் டீ குடித்தார். "சர்க்கரை தூக்கலா இருக்கு" என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அன்று சாயங்காலம் புரோகிராம் எழுதும் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சார், நெஜமாவே ஸ்க்ரீன்ல இப்படியே போடணுமா?"

"ஒரு எழுத்துகூட மாத்தாம."

'உரிமையாளர் பெயர்' என்ற கட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் முளைத்தது: 'யார் கூப்பிட்டால் மாடு வரும்?' அதற்கும் கீழே இன்னொன்று: 'அவருக்குச் சொல்ல எந்த எண்?'

மாரப்பன் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இதென்னங்க, விடுகதையாட்டம்? மூணு மெசேஜ் கேட்டனே, அலாரம் கேட்டனே?"

"உங்க வீட்டுல மாடு இருக்குங்களா?" என்றார் வேதநாயகம்.

"நாலு உருப்படி நிக்குது."

"யார் கூப்பிட்டா வரும்?"

"எங்கம்மா கூப்பிட்டா வருமுங்க" என்றார் மாரப்பன் மெல்ல. "எனக்குக் கொம்பைத்தான் காட்டும்." பிறகு அவரே கடகடவென்று சிரித்து, "சரி, போட்டுத் தொலைங்க" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் காலையிலும் மாலையிலும் பால் வரிசையில் வைத்தே அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். யாரும் யோசித்துப் பதில் சொல்லவில்லை. கேட்ட மாத்திரத்தில் பெயர் வந்தது. வரிசைக்கு வராதவர்களின் பெயரையும் பக்கத்து வீட்டுக்காரர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் செய்தி போனது, ஆளுக்கு ஒன்றே ஒன்று.

நான்காம் நாள் சின்னக்கரைப்பாளையத்துச் சங்கத்துக்குள் நுழைய வழியில்லை. தெருமுனைவரை மாடுகள் நின்றன. டாக்டருக்குத் தலை நிமிர நேரமில்லை. மாரப்பன் இரண்டு தரம் ஐஸுக்கு ஆள் அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் போண்டா சொன்னார். வேதநாயகம் மாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு எண்ணினார். பன்னிரண்டு மணிக்கு முந்நூற்று எழுபத்து நான்கு. எண்ணி முடித்ததும் நின்ற இடத்திலிருந்தே இரண்டு கையாலும் தாஹிராவைக் கும்பிட்டார். தாஹிரா பாவாயியைக் கைகாட்டினார்.

ஈரோட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் தாஹிரா. வேதநாயகத்தால் பொறுக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா, மேடம்?"

"கேளுங்க சார்."

"நோட்டுல இருக்கறது ஒருத்தர், மாட்டைப் பார்க்கறது வேற ஒருத்தர். இது உங்களுக்கு முன்னாடியே தெரியும். இல்லையா?"

"தெரியாதே."

"அப்புறம் எதுக்கு நேரா செங்கோடன் வீட்டுக்குப் போனீங்க? என்ன கேக்கணும்னு மனசுல வெச்சுட்டுப் போனீங்க? அதைச் சொல்லுங்க, நானும் கத்துக்கறேன்."

தாஹிரா பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்து, ஒரு சுளையை அவரிடம் நீட்டினார்.

"ஒண்ணும் கேக்கப் போகலை, சார். மாடு வரலைன்னு சொன்னாங்க. வராத மாட்டைப் பார்த்துட்டு வரலாம்னு போனேன்."