வெளிநாடு போய் வந்த கரடியும் இருவாச்சிக் குடும்பமும்

மேற்கு மலைக் காட்டில் பம்பையன் என்றொரு கரடி பறவைப் பண்ணை வைத்திருந்தது. பறவைகள் என்றால் அதற்கு உயிர். அதுதான் பறவைகளுக்குத் தொல்லை!

அங்கே நெடுமூக்கன் என்ற ஆண் இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி பொன்னலகியும் இருந்தார்கள். இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய், வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொள்ளும். சிறு இடுக்கு வழியாகப் புருஷன் பழம் ஊட்டுவான். உள்ளே பெண்ணின் சிறகெல்லாம் உதிர்ந்து மறுபடி முளைக்கும்.

பம்பையனுக்கு இதைக் கண்டால் நெஞ்சு பதறும்.

"அடப்பாவி! கட்டின பெண்டாட்டியைச் சுவர் வைத்தா அடைக்கிறே?"

"ஐயோ முதலாளி, பாம்புக்குப் பயந்து அவளேதான் பூசிக்கிறா!"

"பொய்!" என்று ஒரே அறை. சுவர் உடைந்தது. முட்டை உருண்டு விழுந்து நொறுங்கியது. சிறகில்லாத பொன்னலகி பொந்துக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "உன்னைக் காப்பாத்திட்டேன், தாயி!" என்று கரடி ஆனந்தக் கண்ணீர் விட்டது. மறு வருஷமும் இதே கூத்துதான். இதில், "நம்ம பண்ணையில மட்டும் இருவாச்சிக் குஞ்சே இல்லையே!" என்று புலம்பல் வேறு!

மூன்றாம் வருஷம் நெடுமூக்கன் யோசித்தான். இந்த வருஷ முட்டையும் போனால் பொன்னலகிக்கு மனசு விட்டுப்போகும். நேரே கரடியிடம் பறந்தான்.

"முதலாளி, உங்க அறிவுக்கு இந்தக் காடு போதாது. கடல் தாண்டிப் போங்க. பறவைப் பூங்காக்களைப் பாருங்க. குஞ்சு பொரிக்க வைக்கிற பண்ணைக்காரங்களைக் கேட்டுட்டு வாங்க!"

"வெளிநாடா? நானா?" கரடிக்குத் தலைகால் புரியவில்லை. காடு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, ஓர் ஆமையின் முதுகில் ஏறிக் கடலில் கிளம்பியது. பாவம், அந்த ஆமை!

அன்றே பொன்னலகி உள்ளே போய் வாசலைப் பூசிக்கொண்டாள். முட்டையிட்டாள். குஞ்சும் பொரிந்தது. நெடுமூக்கன் பழம் சுமந்தே இளைத்துப்போனான்.

ஆனால் அவளுக்குச் சிறகு முளைத்து முடியும் முன்பே பம்பையன் திரும்பிவிட்டது. வந்ததும் வராததுமாகச் சுவரைப் பார்த்தது.

"மறுபடியுமா? விடு, உடைக்கிறேன்!" என்று கையை ஓங்கியது.

நெடுமூக்கன் அலறினான். "முதலாளி! பயணக் கதை கேட்கக் காடே காத்துக்கிட்டு இருக்கே!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. "காத்துக்கிட்டா இருக்கு?"

யாரும் காத்திருக்கவில்லை. நெடுமூக்கன் பறந்து போய் முயல், மான், முள்ளம்பன்றி எல்லோரையும் கெஞ்சிக் கூட்டிவந்தான். "என் குஞ்சோட உயிர் உங்க காதுலதான் இருக்கு, கொஞ்சம் உட்காருங்க!"

கரடி ஆரம்பித்தது. "முதல்ல ஒரு வாலில்லாக் குரங்கோட பூங்கா. கிளிக்கெல்லாம் தலை சீவி விடுறாங்கய்யா! அப்புறம் பெங்குவின் பூங்கா. எல்லாரும் ஐஸ் மேலே உட்காரணும். நானும் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியலை! கடைசியா ஒரு முதலையோட பண்ணை. சத்தமே இல்லை, அவ்வளவு அமைதி!"

"பறவைங்க எங்கே?" என்றது முயல்.

"கேட்டேன். முதலை ஏப்பம் விட்டுச்சு. பெரிய மனுஷன், அதிகம் பேசமாட்டார்."

சொன்ன கதையையே தினமும் சொன்னது. மான் நின்றபடியே தூங்கியது. முள்ளம்பன்றி வளைக்குள் போனது, வெளியே வரவேயில்லை. கடைசியில் நெடுமூக்கன் மட்டும், அலகில் அத்திப்பழத்தோடு, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் கரடிக்கே தன் கதை சலித்துப்போனது. "பேசினது போதும்!" என்று எழுந்து பொந்தை நோக்கி நடந்தது. நெடுமூக்கன் குறுக்கே பாய்ந்தும் நிற்கவில்லை. கையை ஓங்கியது.

படாரென்று சுவர் உள்ளிருந்தே உடைந்தது! புதுச் சிறகோடு பொன்னலகி வெளியே பாய்ந்தாள். கரடி மல்லாந்து விழுந்தது. பொந்துக்குள்ளிருந்து ஒரு குஞ்சு, "பசிக்குது!" என்று கத்தியது.

"குஞ்சு! நம்ம பண்ணையில குஞ்சு!" கரடி துள்ளிக் குதித்தது. "எல்லாம் வெளிநாட்டுப் பயணத்தோட பலன்! சொல்லும்மா, எது உதவுச்சு? தலை சீவுறதா, ஐஸா?"

"ரெண்டும் இல்லை. நீங்க ஊர்ல இல்லாததுதான் உதவுச்சு!" என்றாள் பொன்னலகி. "போன தடவையும் அதுக்கு முன்னேயும் நீங்க என்னைக் காப்பாத்தலை. என் பிள்ளைகளைக் கொன்னீங்க."

கரடிக்கு முகம் சுருங்கிப்போனது. கண் கலங்கியது. "இனி நான் என்னதான் செய்யணும், தாயி?"

"தள்ளி நில்லுங்க."

ஓரடி நகர்ந்தது. "போதுமா?"

"இன்னும்!"

ஓடைக்கரை வரைக்கும் போய், "இப்போ?" என்று கத்தியது. அதற்குள், இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு பாம்புக்குப் பயந்து, உள்ளிருந்தபடியே தன் சின்ன அலகால் வாசலை மறுபடி பூசத் தொடங்கியிருந்தது. பார்த்த கரடிக்குக் கை துறுதுறுத்தது. சட்டென்று தன் இரண்டு கைகள் மேலும் தானே உட்கார்ந்துகொண்டது.

ஒருவரைக் காப்பாற்றக் கிளம்பும் முன், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.