தவமணியைக் கண்ணெடுக்காமல் பார்த்த குடும்பம்

சுண்டைக்காய்ப்பட்டி மாயழகுக்கு மூன்று பிள்ளைகள். எண்ணச் சொன்னால் மூத்தவள் பஞ்சவர்ணத்தைத் தொடுவார், கடைக்குட்டி பாண்டியைத் தொடுவார், அத்தோடு சரி. "கட்டிலைத் தூக்குறப்ப தலைமாட்டையும் கால்மாட்டையும் பிடிச்சாப் போதும். நடு தானா வந்துரும்" என்பார்.

அப்படித் தானாக வந்துகொண்டிருந்தவள்தான் தவமணி. வயது ஏழு. அன்று காலை அவளுக்கு முதல் பல் விழுந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். யாராவது ஒருவர் "அட, பல்லா?" என்று கேட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம். அம்மா ராக்கம்மா அவளைத் தாண்டிப் போய்ப் பாண்டிக்கு மூக்கு சிந்திவிட்டாள். பாவம், பல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள் தவமணி.

பள்ளிக்கூடத்து டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். "தினமும் ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து இவளையே பாருங்க. கண்ணை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படித்தவர்கள் பேச்சை அந்த வீட்டில் தட்டியதே கிடையாது. தவமணியைப் பாயில் உட்காரவைத்து, எதிரே நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தவமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கண்ணு சிமிட்டலாமாப்பா?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

மாயழகு ஆழ்ந்து யோசித்தார். "ஒருத்தர் சிமிட்டுறப்ப மத்த மூணு பேரும் முழிச்சிருக்கணும். முறை வச்சுக்குவோம்."

"அப்பா, எனக்குப் பல்லு விழுந்துருச்சு" என்றாள் தவமணி.

"பேசுறாளே, என்ன செய்யிறது?" என்றாள் ராக்கம்மா.

"பாக்கத்தான சொன்னாங்க? கேக்கச் சொல்லல. நீ காதைக் குடுக்காத."

அடுப்பில் சோறு கருகியது. ஒரு மணி நேரம் முடிந்ததா என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் கண்ணை எடுத்ததாகிவிடுமே. தவமணி சலித்துப்போய் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

"போயிட்டாளே" என்றாள் பஞ்சவர்ணம்.

"எங்க போறான்னு திரும்பிப் பாத்தா கண்ணை எடுத்த மாதிரி ஆயிரும். பாயையே பாருங்க."

பாயையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தவமணி திரும்பி வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

"யாரது?" என்றார் மாயழகு, திரும்பாமல். "யாரா இருந்தாலும் உக்காந்து பாரு. வர்ற வழியில எங்க தவமணியைக் கண்டியா?"

பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி ஒருவர் விசாரிப்பது இதுதான் முதல் தடவை. தவமணி வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள். "கண்டேன். அவளுக்கு முதப் பல்லு விழுந்துருச்சு."

"அடடா, எந்தப் பல்லு?" என்றார் மாயழகு.

"கீழ்ப்பல்லு."

"வலிச்சுச்சாமா?" என்று பதறினாள் ராக்கம்மா.

"கொஞ்சம். ரத்தங்கூட வந்துச்சு."

நாலு பேரும் உச்சுக்கொட்டினார்கள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே" என்று பஞ்சவர்ணத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

ராக்கம்மா பாயிலிருந்து பார்வையை எடுக்காமலே பின்னால் கைவிட்டுத் துழாவி, டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள். "அவளைப் பாத்தா இதைக் குடு. பல்லு விழுந்த பிள்ளை, ஊறவச்சுத் தின்னச் சொல்லு."

தவமணிக்கு மனசு நிறைந்துவிட்டது. முறுக்கை இரண்டாக உடைத்து, பாதியை மெதுவாகத் தின்றாள். அவளும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. மீதிப் பாதியை, தவமணி வந்தால் கொடுக்கலாம் என்று பாவாடையில் முடிந்து வைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் பாயைப் பார்க்க ஆரம்பித்தாள்.