அஞ்சு பி-யில காக்கா

எங்க மொட்டப்பாறப்பட்டியில மூளை இல்லாத ஆளே கிடையாதுங்க. எல்லார்கிட்டயும் இருக்கு. யாரும் எடுத்து அழுக்காக்குறதில்ல, அம்புட்டுத்தான்.

அந்த ஊர்ல சோணைமுத்து அண்ணனுக்கு இடுப்புப் புடிப்பு. மாசி மாசம் ஒரு தும்மல் போட்டாரு, குனிஞ்ச மனுசன் இன்னும் நிமிரல. அவரு மக பூங்கனி கனடாவுல நர்சு. பேரனைப் பாக்க வாங்கன்னு கூப்புட்டுச்சு. பதினஞ்சு மணி நேரம் பறக்கணும். சாதா சீட்டுல வந்தா அப்பன் மடக்குக் கத்தியாட்டம் வந்து எறங்குவாருன்னு, காலை நீட்டிப் படுக்கிற பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டே எடுத்துருச்சு.

"யப்பா, சீட்டுப் படம் அனுப்பிருக்கேன். ஆறு வரிசை, வரிசைக்கு நாலு. உங்க இடுப்புக்கு எது தோதோ, அந்த நம்பரை இன்னைக்குள்ள சொல்லுங்க"ன்னு போன்ல சொல்லுச்சு.

அண்ணன் படத்தைத் தூக்கிக்கிட்டு சேர், பந்தல் வாடகைக்கு விடுற பந்தக்கடை மொக்கராசுகிட்டப் போனாரு. கூடவே வீரணனும் வந்தான். அவன் ஒரு தடவ மதுரை ஏர்போர்ட்டுக்கு வெளிய நின்னவன். அதனால எங்க ஊருக்கு ப்ளேன் விசயமெல்லாம் அவன்தான்.

மொக்கராசு படத்தைத் தலைகீழாப் பாத்துட்டுச் சொன்னான்: "செருப்பைக்கூட காலை விட்டுப் பாத்துத்தானண்ணே வாங்குறோம்? சீட்டுல குண்டி படாம எப்படிச் சொல்றது?"

நியாயந்தானே! கடையில இருந்த இருபத்திநாலு பிளாஸ்டிக் சேரையும் தூக்கிட்டு வந்து, வேப்பமரத்தடி மைதானத்துல படத்துல உள்ளபடியே வரிசையாப் போட்டாங்க. சேர் முதுகுல சாக்பீஸால ஒண்ணு ஏ, ஒண்ணு பின்னு எழுதியாச்சு. முன்னாடி ஒரு அண்டாவைக் கவுத்து வச்சு, அதுதான் ப்ளேன் மூக்குன்னாங்க.

அண்ணன் ஒவ்வொரு சேரா உக்காந்தாரு. ஒண்ணு ஏ சுட்டுச்சு. ரெண்டு டியும் சுட்டுச்சு. அஞ்சு பி-யில உக்காந்ததும் மொகம் மலர்ந்துருச்சு.

"அடேய், ஜில்லுன்னு இருக்குடா! ஏசி இங்கதான் வச்சிருக்கான்."

வேப்பமர நெழல் அதுல விழுந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. ஒடனே மகளுக்குப் போன் பண்ணி அஞ்சு பி சொல்லிட்டாரு. அதுவும் போட்டுருச்சு.

கால் மணி நேரத்துல மறுபடி போன்.

"கண்ணு, அஞ்சு பி வேணாம். காக்கா எச்சம் போடுது."

"காக்காவா? எங்கப்பா?"

"அஞ்சு பி-லதான். மேல கூடே கட்டிருக்கு. குஞ்சு பொரிச்சுத்தான் போகும்போல. நாலு சி போடு."

நாலு சி போட்டுச்சு. உச்சி வெயில்ல நாலு சி கொதிச்சுச்சு, நெழல் ரெண்டு பிக்குப் போயிருச்சு. ரெண்டு பின்னாரு. நெழல் ஒண்ணு பிக்கு நகந்துச்சு.

"என்னடா இது, ஏசி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது?"

வீரணன் கண்ணை மூடி யோசிச்சான். "அண்ணே, மரம் நகருமா?"

"நகராது."

"அப்ப நெழல் மாறுதுன்னா என்ன அர்த்தம்? ப்ளேன் ஓடிக்கிட்டு இருக்கு."

மொக்கராசு பயந்துபோய் சேரை இறுக்கிப் புடிச்சான். "எம்புட்டுத் தூரம் வந்துருப்போம்?"

"திருச்சி தாண்டிருக்கும்."

அதுக்குள்ள பூங்கனியே கூப்புட்டுச்சு. "யப்பா, இதோட மூணு தடவ மாத்தியாச்சு. நானே மூணு ஏ போட்டுட்டேன். இனிமே மாத்த முடியாது. அதுல தலகாணியெல்லாம் குடுப்பாங்க, நிம்மதியாப் படுத்துட்டு வாங்க!"

அண்ணனுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இடுப்பைப் புடிச்சுக்கிட்டே மூணு ஏ-க்கு நடந்தாரு. போனா, சேர்ல ஒரு ஆளு! மடியில கோழிக்கூடை. சந்தைக்குப் போறவரு, கால் வலிக்குதுன்னு உக்காந்துட்டாரு.

"யோவ், எந்திரிய்யா! இது என் மக போட்ட சீட்டு!"

"யாரு போட்டா என்ன? எந்துண்டைப் பாருங்க."

பாத்தாங்க. சேர் முதுகுல துண்டு கெடந்துச்சு. துண்டு போட்ட சீட்டைக் கேக்குறது மனுசத்தன்மையா?

"அண்ணே," வீரணன் மெதுவாச் சொன்னான், "சட்டம் அவரு பக்கம் இருக்கு."

கோழிக்காரரு அப்பத்தான் கேட்டாரு: "ஆமா, இது எங்க போகுது?"

"கனடா."

"ஐயையோ! நான் சாத்தூர் போகணும்யா! ஏறும்போதே சொல்லக்கூடாதா? நீங்களே உக்காருங்க, நான் எறங்கிக்கிறேன்."

சீட்டு கெடச்சுருச்சுன்னு அண்ணன் பாஞ்சாரு. வீரணனும் மொக்கராசும் அதுக்கு முன்னாடி பாஞ்சு கோழிக்காரரைச் சேரோட அமுக்கிட்டாங்க.

"ஓடும்போது எறங்காதீக! உசுரு போயிரும்! நின்னப்புறம் எறங்குங்க."

"எப்பய்யா நிக்கும்?"

"நடுவுல நிக்காது. நேரா கனடாதான்."

அந்த ஆளு கோழியைக் கட்டிப்புடிச்சு அழ ஆரம்பிச்சுட்டாரு. பாவம், அண்ணனுக்கே மனசு எளகிருச்சு. ஒரு கையால பஸ் கம்பியாட்டம் வேப்பங்கொப்பைப் புடிச்சாரு, மறு கையால மகளுக்குப் போன் போட்டாரு.

"கண்ணு, மூணு ஏ-ல ஆள் உக்காந்துட்டாரு. பரவால்ல, நான் நின்னுக்கிட்டே வந்துர்றேன். ஒலையில மட்டும் ஒரு ஆளுக்கு அரிசி கூடப் போட்டு வை. கொழம்பு வைக்காத, கோழி வருது."