டேப்பு ஒட்டுன மீன் தொட்டி

கொளத்தூர்ல பரந்தாமன்னு ஒருத்தர். பால் பாக்கெட்டக்கூட ஓட்ட போட்டு உறிஞ்சிருப்பாங்களோன்னு திருப்பித் திருப்பிப் பாக்குற ஆளு. அவரு வீட்டுக் கண்ணாடித் தொட்டில கப்பி மீனும் நத்தையும் ஒண்ணாக் குடித்தனம் பண்ணுச்சு. நத்தைங்க மேலதான் அவருக்கு உசுரு. அவருக்குத் தெரியாம எங்கயும் ஓடிப்போகாத சாதி அது ஒண்ணுதான்.

தொட்டிக்குத் தண்ணி மாத்துற பிளாஸ்டிக் வாளில சோப்பு ஒட்டியிருக்குமோன்னு திடீர்னு ஒரு சந்தேகம். அதனால பொண்டாட்டி சுகுணாவுக்குச் சீர்ல வந்த செம்புக் குடத்துல தண்ணிய ஊற வச்சு, தன் கையாலயே ஊத்த ஆரம்பிச்சாரு. மனுஷன் குடிச்சா ஒடம்புக்கு நல்லதாச்சே. அதே வாரம் மச்சான் லோகு புதுசா ஒரு வரிமீனக் கொண்டாந்து தொட்டில விட்டான்.

நத்தைங்க ஒண்ணொண்ணா சாவ ஆரம்பிச்சுது.

சுகுணாவுக்கு நத்தையப் பாத்தாலே கொமட்டும், அதனால அவ மேல ஒரு கண்ணு. வரிமீனு நத்தைச் சதைய உறிஞ்சிட்டு வெறும் ஓட்டத்தான் மிச்சம் வைக்கும்னு கடைக்காரர் சொன்னாரு, அதனால லோகு மேல இன்னொரு கண்ணு. தொட்டி மூடியச் சுத்தி டேப்பு ஒட்டி, ஓட்டுப்பெட்டிக்கு சீல் வக்கிற மாதிரி கையெழுத்தும் போட்டாரு. தண்ணி ஊத்த அவரே பிரிப்பாரு, அவரே ஒட்டுவாரு. கையெழுத்து கலையவே இல்ல. ஆனா நத்தை செத்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஓட்டுக்குள்ள சதை அப்படியே அழுகிக் கெடந்துச்சு.

லோகு வந்தான். மீனுன்னு சொல்லி கொலகாரன அனுப்பிட்டியான்னு பரந்தாமன் புடிச்சுக்கிட்டாரு.

"மாமா, அதுக்கு இன்னும் மீசையே சரியா மொளைக்கல," ன்னான் லோகு.

சுகுணா பையத் தூக்கிட்டு வாசல்ல நின்னா. "என் தம்பிதான்னு இன்னொரு வாட்டி சொல்லுங்க, நானும் அவன்கூடக் கெளம்பிடுறேன். அப்புறம் சந்தேகப்படக்கூட வீட்ல ஆள் இருக்காது."

பரந்தாமன் வாயத் தொறந்தாரு. தொட்டில கடைசி நத்தை கண்ணாடியிலேர்ந்து மெதுவா வழுக்குச்சு.

அவரு வாயி மூடுறதுக்குள்ள நீங்க சொல்லுங்க: நத்தையக் கொன்னது யாரு?

விடை: கையெழுத்து கலையல, அதனால சுகுணா இல்ல. சதை மிச்சம் இருக்கு, அதனால வரிமீனும் இல்ல. செம்பு ஊறுன தண்ணிய மீனு எப்படியோ தாங்கிக்கிச்சு, நத்தைக்கு அது வெஷம். கொன்னது பரந்தாமனோட பாசம்தான். விஷயம் புரிஞ்சதும் சுகுணா கையிலேர்ந்து பைய வாங்கி அவரே உள்ள வச்சாரு. கடைசி நத்தைய பழைய பிளாஸ்டிக் வாளித் தண்ணிக்கே மாத்துனாரு. மாத்துறதுக்கு முன்னாடி வாளிய ஒருக்கா மோந்து பாத்துக்கிட்டாரு.